நாலு டாக்டர் பார்த்தாயிற்று, ஐந்தாவதாக யாரிடம் போவது?

கேள்வியின் சாரம் இது: பெங்களூர் ராமமூர்த்தி நகரில் வீடு. ஜூலி, 6 வயது பெண் லாப்ரடார், கருத்தடை ஆபரேஷன் ஆனது. ஒன்றரை வருடமாக அரிப்பும் காதில் சீழும். ஊசி போட்டால் இரண்டு மூன்று வாரம் சரியாக இருக்கிறது, பிறகு பழைய கதைதான். போன மழைக்காலத்தில் உண்ணிக் காய்ச்சல் வந்து போனது. இப்போது உடம்பு பெருத்துவிட்டது, எந்நேரமும் படுக்கை, தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கிறாள். கடைசியாகப் பார்த்த டாக்டர் கிரியாட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை எண்) 1.6 இருக்கிறது, கிட்னி பாதிப்பு என்று தனி உணவு எழுதிக்கொடுத்திருக்கிறார். நாலு டாக்டர் மாற்றியாயிற்று. இதற்கெல்லாம் பெங்களூரில் பெஸ்ட் டாக்டர் யார்?

நான் கால்நடை மருத்துவர். நாமக்கல்லில் படித்துவிட்டு, பெங்களூரில் நாய் பூனை பார்க்கும் கிளினிக்குகளிலேயே காலம் தள்ளியவன். ஒரு பெயரைச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். சொன்னால் அவர் ஐந்தாவது டாக்டர் ஆவார், அவ்வளவுதான் நடக்கும். நீங்கள் பார்த்த நாலு பேரும் மோசமான டாக்டர்களாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒருவர் அரிப்பைப் பார்த்தார், ஒருவர் காதைப் பார்த்தார், ஒருவர் காய்ச்சலைப் பார்த்தார், ஒருவர் ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்தார். ஜூலியின் ஒன்றரை வருடத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. நாள்பட்ட நோய் உள்ள நாய்க்கு முதலில் தேவை அப்படிப் பார்க்கிற ஒருவர். ஊரிலேயே கெட்டிக்காரர் யார் என்பது அதற்கு அடுத்த கேள்வி.

ஏன் இதை அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஜூலியின் தொல்லைகள் தனித்தனி நோய்களாக இல்லாமலும் இருக்கலாம். ஊசி போட்டதும் அரிப்பு அடியோடு நின்று, சில வாரம் கழித்துத் திரும்புகிறது என்றால், அது பெரும்பாலும் நீண்ட நாள் உடம்பில் தங்கி வேலை செய்யும் ஸ்டீராய்டு ஊசி. அரிப்புக்கு ஸ்டீராய்டு தவறான மருந்து இல்லை. அளவோடு, நாள் கணக்கோடு மாத்திரையாகக் கொடுத்தால் நல்ல மருந்து. ஆனால் இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று மூன்று கிளினிக்கில் மூன்று ஊசி போட்டால் என்ன ஆகும்? தாகம் எடுக்கும், மூத்திரம் நிறையப் போகும், பசி கூடும், எடை ஏறும், வயிறு தொங்கும், சோர்வு வரும், தோல் மெலியும். நீங்கள் எழுதியிருக்கும் புதிய தொல்லைகளில் பாதி இந்தப் பட்டியலிலேயே இருக்கின்றன. முதல் நோயின் மருந்தே மூன்றாவது நோயாகத் தெரிகிறதோ என்று ஒருவராவது சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தேகப்பட அவருக்கு முந்தைய சீட்டுகள் வேண்டும். நீங்கள் கொண்டுபோனீர்களா என்பது எனக்குத் தெரியாது. பெரும்பாலானவர்கள் புது டாக்டரிடம் போகும்போது பழைய சீட்டை மறைத்துவிடுவார்கள், அவர் என்ன சொல்கிறார் பார்ப்போம் என்று. தயவுசெய்து அந்தப் பரீட்சையை எங்களுக்கு வைக்காதீர்கள். அதில் தோற்பது நாய்தான்.

எடை கூடி, மந்தமாகி, தோலும் காதும் அடிக்கடி கெடுகிற நடுவயது லாப்ரடார் என்றதும் தைராய்டு குறைவாக இருக்குமோ என்ற எண்ணம் எந்த டாக்டருக்கும் வரும். வர வேண்டும். ஆனால் டி4 என்ற தைராய்டு ஹார்மோனின் ஒரே எண்ணைப் பார்த்து முடிவு கட்டக்கூடாது. வேறு நோய் இருந்தாலும், ஸ்டீராய்டு வாங்கிக்கொண்டிருந்தாலும் அந்த எண் இறங்கும். அதன் கட்டுப்படாத பகுதியான ஃப்ரீ டி4, தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவர், ஸ்டீராய்டு உடம்பை விட்டுப் போக சில வாரம் காத்திருந்து டெஸ்ட் எடுப்போம் என்று சொல்பவர், விஷயம் தெரிந்தவர்.

கிட்னிக்கு வருவோம். கிரியாட்டினின் 1.4 முதல் 2.8 வரை இருந்தால் நாள்பட்ட கிட்னி நோயின் இரண்டாம் நிலை என்று ஒரு சர்வதேச அளவுகோல் இருக்கிறது, ஐரிஸ் என்பார்கள். அந்தக் கணக்கில் 1.6 உள்ளே வந்துவிடும். ஆனால் அந்த அளவுகோலை நிலையாக இருக்கிற நாய்க்கு, உடம்பில் நீர் வற்றாத சமயத்தில், வெறும் வயிற்றில், ஒரு முறைக்கு மேல் எடுத்துப் பார்த்தபிறகுதான் பொருத்த வேண்டும். சதைப்பிடிப்புள்ள பெரிய நாய்க்கு இயல்பிலேயே எண் கொஞ்சம் மேலே இருக்கும். எனவே ஒரே ஒரு 1.6 நோயும் இல்லை, நிம்மதியும் இல்லை. கூடவே மூத்திரத்தின் அடர்த்தி, அதில் புரதம் போகிறதா என்று சொல்லும் யூ.பி.சி., கிட்னியின் வேலையைக் காட்டும் இன்னொரு ரத்தப் பரிசோதனையான எஸ்.டி.எம்.ஏ., ரத்த அழுத்தம், வயிற்று ஸ்கேன் இவ்வளவும் வேண்டும். மூத்திரமே பார்க்காமல் கிட்னி உணவு எழுதிக்கொடுத்தார் என்றால் அவசரப்பட்டிருக்கிறார். இங்கேயும் பழைய கதை குறுக்கே வரும்: ஸ்டீராய்டாலும் மூத்திரம் நீர்த்துப்போகும், கெட்டுப்போன கிட்னியாலும் நீர்த்துப்போகும். ஊசி போட்ட தேதி தெரியாதவர் இரண்டையும் எப்படிப் பிரிப்பார்?

உண்ணிக் காய்ச்சலும் இதில் உண்டு. உண்ணி பரப்பும் எர்லிக்கியா என்ற கிருமி நாள்பட்டுப்போனால் கிட்னியின் வடிகட்டிகளைக் கெடுத்து மூத்திரத்தில் புரதத்தை ஒழுகவிடும். பேபீசியா கிப்சோனி என்று இன்னொன்று இருக்கிறது. குணமானதுபோல் இருந்து மாதங்கள் கழித்துத் திரும்பும், வழக்கமாகக் கொடுக்கும் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மட்டும் அதற்குப் போதாது. அதனால் போன வருடம் வந்தது எந்தக் கிருமி, ரத்தத் தடவலில் கண்டார்களா, கிட் டெஸ்ட்டா, கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆரா, எத்தனை நாள் மருந்து போனது என்ற விவரம் இன்றைக்கும் வேண்டும். இதில் அடிக்கடி நடக்கும் ஒரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன். எர்லிக்கியா கிட் டெஸ்ட் நோயெதிர்ப்புப் பொருளைத்தான் பார்க்கிறது. நோய் போனபிறகும் மாதக்கணக்கில், சில நாய்களுக்கு வருடக்கணக்கில் பாசிட்டிவ் காட்டும். ஒவ்வொரு புது டாக்டரும் அந்தக் கோட்டைப் பார்த்ததும் மறுபடி 28 நாள் டாக்ஸிசைக்ளின் எழுதுவார். நாய்க்குச் சாப்பாடு இறங்காது, வாந்தி வரும், அதற்கு ஒரு ஊசி. பிளேட்லெட் எண்ணிக்கை இறங்கியிருக்கிறதா, காய்ச்சல் உண்டா, பி.சி.ஆர். என்ன சொல்கிறது என்று பார்க்காமல் பாசிட்டிவ் என்ற சொல்லுக்கே மருந்து கொடுப்பவரை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

சரி, ஆளை எப்படிப் பிடிப்பது? பக்கத்தில் இருப்பவராகப் பாருங்கள். இதைக் கேட்டால் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். ஆனால் ஜூலிக்கு இன்னும் பல வருடம் எடை பார்க்க, காது பார்க்க, ரத்தம் எடுக்கப் போகவேண்டியிருக்கிறது. டின் ஃபேக்டரி சிக்னலில் முக்கால் மணி நேரம் மூச்சிரைக்க உட்கார்ந்துவிட்டுப் போகும் நாயின் வெப்பத்தையும் இதயத் துடிப்பையும் பார்த்து யாருக்கும் ஒன்றும் விளங்காது. தூரமாக இருந்தால் நீங்களும் பரிசோதனைகளைத் தள்ளிப்போடுவீர்கள். ராமமூர்த்தி நகர், பானஸ்வாடி, கம்மனஹள்ளி வட்டாரத்திலேயே இரண்டு மூன்று கிளினிக்குகளைக் குறித்துக்கொண்டு, ஜூலி இல்லாமல் நீங்கள் மட்டும் ஃபைலோடு போங்கள். டாக்டரோடு பேசுவதற்கான ஃபீஸைக் கொடுத்து கால் மணி நேரம் கேளுங்கள். அதற்கே முகம் சுளிக்கிற இடம் என்றால் வேலை சுலபமாக முடிந்தது.

அந்தக் கால் மணி நேரத்தில் அவர் என்ன சொல்கிறார் என்பதைவிட என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். அரிப்பு எந்த மாதத்தில் கூடுகிறது, பாதத்தை நக்குகிறாளா, அக்குளா, வால் அடியா, சாப்பாடு என்ன, வீட்டில் யாருக்காவது சொறி வந்ததா, உண்ணிக்கு என்ன கொடுக்கிறீர்கள், எத்தனை நாளைக்கு ஒருமுறை, இதெல்லாம் வர வேண்டும். வால் அடியில் அரிப்பு என்றால் தெள்ளுப்பூச்சி நினைவுக்கு வரும். பாதமும் காதும் அக்குளும் என்றால் ஒவ்வாமை. நாயைத் தொடும்போது தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் வைக்கிறாரா, காதுக் கசடைப் பஞ்சில் எடுத்துச் சாயமேற்றிப் பார்க்கிறாரா? இரண்டும் சில நூறு ரூபாயில், அங்கேயே நடக்கிற வேலை. காதில் இருப்பது பூஞ்சையா பாக்டீரியாவா என்று பார்க்காமல் சொட்டு மருந்து மாற்றிக்கொண்டே இருந்தால், காதுக்குழாய் தடித்துப்போய் கடைசியில் ஆபரேஷன் வரைக்கும் போகும். பார்த்ததை எழுதி வைக்கிறாரா, ஒவ்வொரு முறையும் எடை போடுகிறார்களா என்பதும் முக்கியம். மருந்தின் பெயரும் அளவும் இல்லாமல் "ஊசி போட்டது" என்று மட்டும் சீட்டில் எழுதும் இடத்தைத் தவிர்க்கவும், எவ்வளவு கைராசிக்காரர் என்று பேர் வாங்கியிருந்தாலும்.

"எனக்கு இன்னும் தெரியவில்லை, முதலில் இதைப் பார்ப்போம், இது இல்லையென்றால் அடுத்தது அது" என்று ஒரு டாக்டர் சொன்னால் நம் ஆட்களுக்கு நம்பிக்கை போய்விடுகிறது. எனக்கு அப்போதுதான் வருகிறது. நாள்பட்ட அரிப்பில் முதல் நாளே "இது அலர்ஜிதான்" என்று அடித்துச் சொல்பவரால் அடுத்த படிக்குப் போக முடியாது.

உங்கள் வீட்டில் பகலெல்லாம் ஜூலியோடு இருப்பது யார்? நீங்கள் இருவரும் ஆபீஸ் போய், ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவோ மாமியாரோ பார்த்துக்கொள்கிறார் என்றால், டாக்டரிடம் போகவேண்டியது அவர். எத்தனை தடவை மூத்திரம் போனாள், எப்போது வாந்தி எடுத்தாள் என்பது அவருக்குத்தான் தெரியும். கன்னடமும் இங்கிலீஷும் பேசும் டாக்டர் முன்னால் அவர் வாயே திறக்கமாட்டார் என்பதால் தமிழ் புரியும் டாக்டர் கிடைத்தால் அதை ஒரு தகுதியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். பெங்களூர் கிளினிக்குகளில் தமிழ் புரிந்தவர்கள் அபூர்வம் இல்லை. ஒருமுறை மாத்திரை வேலை செய்யவில்லை என்று ஒரு வீட்டார் வந்தார்கள். பாட்டியைத் தனியாகக் கேட்டேன். "கசக்குதுன்னு துப்பிடுது சாமி, பாவம், பாதிதான் குடுக்குறேன்" என்றார். ரிப்போர்ட்டில் இது எப்படி வரும்?

அதே பாட்டியால்தான் உணவுச் சோதனையும் தோற்கும். உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க நம்பகமான ரத்தப் பரிசோதனை கிடையாது. இதுவரை சாப்பிடாத புரதத்தையோ, புரதத்தை உடைத்துத் தயாரித்த தனி உணவையோ 8 வாரம் கொடுத்துப் பார்ப்பதுதான் வழி. அந்த 8 வாரமும் தயிர் சாதம் கிடையாது, பார்லே-ஜி கிடையாது, சிக்கன் வாசனையுள்ள மாத்திரைகூடக் கிடையாது. இதை உட்கார வைத்து விளக்கி, வீட்டில் எல்லாரையும் ஒப்புக்கொள்ள வைக்கிற டாக்டர் கிடைத்தால் விடாதீர்கள். நீங்களும் மூன்றாம் வாரமே "ஒண்ணும் குறையலையே" என்று அடுத்த கிளினிக்குக்குக் கிளம்பாதீர்கள்.

நிபுணர்கள் விஷயம். நம் நாட்டில் பி.வி.எஸ்சி. முடித்து, மாநில கால்நடை மருத்துவ கவுன்சிலில் பதிவு செய்தவர் எல்லா விலங்குக்கும் எல்லா வைத்தியமும் செய்யலாம். 1984-ம் வருடச் சட்டம் அப்படி. பெட் ஷாப்பில் ஊசி போடுகிறவருக்கு இந்தப் பதிவு எண் இருக்காது, சீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் எம்.வி.எஸ்சி. என்று போர்டில் இருந்தால் எந்தப் பாடத்தில் என்று கேளுங்கள். மெடிசின், சர்ஜரி என்றால் ஒரு விஷயம். கறவை மாட்டுத் தீவனத்தில் ஆராய்ச்சி செய்தவருக்கும் அதே நாலு எழுத்துதான். தோல் நிபுணர், இதய நிபுணர் என்று போட்டுக்கொள்பவர்களில் வெளிநாட்டில் முறையாகப் பயிற்சி பெற்றவர்களும் உண்டு, வார இறுதிப் பயிலரங்குக்குப் போய்வந்தவர்களும் உண்டு. "எங்கே பயிற்சி எடுத்தீர்கள், வாரத்தில் இந்த மாதிரி எத்தனை நாய் பார்க்கிறீர்கள்" என்று கேட்டால் நல்லவர்கள் கோபப்படமாட்டார்கள்.

நிபுணரிடம் போகும்போது ஒரு கேள்வியோடு போங்கள். "ஜூலியைப் பாருங்க" என்று போகக்கூடாது. "மூத்திரத்தில் புரதம் போவது உண்ணிக் காய்ச்சலின் மிச்சமா?" என்ற மாதிரி ஒன்று, உங்கள் டாக்டர் கைப்பட எழுதிய கடிதத்தோடு. பதில் அவருக்கே திரும்பி வர வேண்டும். ஹெப்பாளில் 1958-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இதற்கு நல்ல இடம். ராமமூர்த்தி நகரிலிருந்து ரிங் ரோடு நேரே கொண்டுபோய்விடும். செலவு குறைவு, துறைவாரியாகப் பேராசிரியர்கள் உண்டு. கூட்டம் இருக்கும், முதலில் மாணவர்கள்தான் விவரம் கேட்பார்கள், அடுத்த முறை வேறு முகம் இருக்கலாம். அதனால்தான் அதைத் தொடர் வைத்தியத்துக்குச் சொல்லாமல் ஒரு கேள்விக்கான இடமாகச் சொல்கிறேன். குயின்ஸ் ரோட்டில் அரசு சூப்பர் ஸ்பெஷாலிட்டி கால்நடை மருத்துவமனையும் இருக்கிறது. சொந்தக்காரர்கள் "வேப்பேரிக்குக் கொண்டுவா" என்பார்கள். 1903-ல் ஆரம்பித்த சென்னைக் கல்லூரி, பெருமைக்குரிய இடம்தான். ஆனால் 350 கிலோமீட்டர் காரில் போய் வருவதை, இங்கே இரண்டு பேர் பார்த்தும் விடை கிடைக்காத சிக்கலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போதைக்கு நீங்கள் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. நாலு கிளினிக்கையும் கூப்பிட்டு எல்லா ரிப்போர்ட்டையும், போட்ட ஊசிகளின் பெயர், அளவு, தேதியையும் வாங்குங்கள். ஸ்கேன் படங்களை மூலக் கோப்பாகவே கேளுங்கள், வாட்ஸாப்பில் வரும் மங்கல் படம் உதவாது. ஒரே தாளில் தேதிவாரியாக எழுதுங்கள்: என்ன தொல்லை, என்ன மருந்து, என்ன ஆனது, எடை எவ்வளவு. ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறாள் என்று லிட்டர் பாட்டிலால் ஊற்றி அளந்து எழுதுங்கள். கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல் போனால் நிச்சயமாக அதிகம். மேல் மூச்சு வாங்குவது, நொண்டுவது போன்றவற்றை வீடியோ எடுங்கள், கிளினிக் வாசலில் எல்லா நாயும் நன்றாகத்தான் நடக்கும். வீட்டில் மிச்சமிருக்கும் ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களாகத் திடீரென்று நிறுத்த வேண்டாம், உடம்பு சுருண்டுவிடும். படிப்படியாகக் குறைப்பதை டாக்டர் சொல்லட்டும். கால் வலிக்கு என்று யாராவது மெலாக்ஸிகம் கொடுத்திருந்தால் ஸ்டீராய்டோடு சேர்த்துக் கொடுக்கவே கூடாது, வயிற்றுப் புண் வந்து ரத்தம் போகும். டாக்டர் மாறிக்கொண்டே இருக்கும் நாய்களுக்கு நடக்கும் விபத்துகளில் நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். பெங்களூர்க் குளுமையில் உண்ணிக்கு லீவு மாதம் கிடையாது என்பதால், உண்ணி மாத்திரையையும் வருடம் முழுக்க விடாமல் கொடுங்கள்.

பணத்தைப் பற்றியும் முதல் நாளே பேசிவிடுங்கள். "மாதம் இவ்வளவுதான் முடியும், எந்த டெஸ்ட் முதலில்?" என்று கேட்டால், நல்ல டாக்டர் எந்த ரிப்போர்ட் வைத்தியத்தை மாற்றுமோ அதை முதலில் எடுப்பார். எனக்குக் கேட்டால் ஜூலிக்கு முதல் செலவு மூத்திரப் பரிசோதனை. தோல் சுரண்டலும் காதுக் கசடும் அன்றைக்கே ஆகிவிடும். ஸ்கேன் அப்புறம்.

தேர்ந்தெடுத்த டாக்டருக்கு மூன்று நாலு மாதமாவது கொடுங்கள். அதற்கு முன்னாலேயே விலக வேண்டியதும் உண்டு: ரிப்போர்ட் நகல் தர மறுத்தால், வேறொருவர் கருத்தைக் கேட்கிறேன் என்றதும் கோபப்பட்டால், மருந்து கேட்கவில்லை என்று மூன்றாவது முறை சொல்லியும் அதே ஊசியை எடுத்தால். விலகும்போது சண்டை போடாமல் ஃபைலை வாங்கிக்கொண்டு வாருங்கள்.

உங்கள் டாக்டர் இரவில் கிளினிக் வைத்திருக்கமாட்டார், அதில் தப்பில்லை. "ராத்திரி ஏதாவது ஆனால் எங்கே போவது?" என்று அவரையே கேட்டு ஒரு இடத்தை முடிவு செய்யுங்கள். ஈறு வெளுத்துப்போவது, மூத்திரம் சிவப்பாகவோ காப்பி நிறத்திலோ வருவது, வயிறு உப்பி வாந்தி வராமல் ஓங்கரிப்பது, 5 நிமிடத்துக்கு மேல் வலிப்பு, இவற்றுக்கெல்லாம் விடியும்வரை காத்திருக்கக்கூடாது. அந்த இடத்துக்கு ஒரு பகலில் போய், இரவில் டாக்டர் நிஜமாகவே தங்குகிறாரா, ஆக்ஸிஜன் இருக்கிறதா, ஜூலி எடையுள்ள நாயைக் காரிலிருந்து இறக்க ஸ்ட்ரெச்சர் உண்டா என்று விசாரித்து வையுங்கள். அங்கே என்ன மருந்து போட்டாலும் அந்தச் சீட்டு மறுநாள் காலையில் உங்கள் டாக்டர் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.